நிறைந்தே இருந்த பாட்டில்

மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் காலை ஐந்தரைக்கு ஆறு பெண்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு பாய், இரண்டு டம்பெல், ஒரு தண்ணீர் பாட்டில். தனிப்பயிற்சிக்கு நான் வாங்கும் கட்டணத்தை ஆறு பேரும் பகிர்ந்துகொள்வதால் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் கட்டுப்படியாகிறது. ஆறரைக்கு முடித்துவிடுவேன். வீட்டில் அடுப்பு காத்திருக்கும்.

ஆரம்பத்தில் நான் கறாரான பயிற்சியாளர். ஜம்பிங் ஜாக் என்றதும் அந்த அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். இன்னொருவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருப்பார். "சாக்கு சொல்லாதீங்க, இருபதுதான், குதிங்க" என்று எல்லார் முன்னும் சத்தம் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் அக்கா வரவில்லை. மறுநாளும் இல்லை. போனில் "முட்டி வலிம்மா, இனிமே வரல" என்றார். ஸ்குவாட் செய்யும்போது அவர் முட்டியில் ஒரு சிரமமும் நான் பார்த்ததில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"குதிச்சா ஒண்ணுக்கு கசியுதும்மா. ரெண்டாவது பையன் பொறந்ததுலருந்து இப்படித்தான். பதினெட்டு வருசமாச்சு."

டாக்டரிடமும் சொன்னதில்லை. தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொள்வார். வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டார். என் வகுப்புக்குக் கொண்டுவந்த பாட்டிலும் நிறைந்தபடியேதான் வீடு திரும்பியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

பயிற்சியாளர் படிப்பில் தோள், தொடை, முதுகுத் தசைகளை மனப்பாடம் செய்தேன். படங்களில் இருந்தது ஆண் உடல். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அவை இழுபட்டுத் தளரும். மாதவிடாய் நிற்கும் வயதில் இன்னும் வலுவிழக்கலாம். முறையான பயிற்சியால் பலருக்குக் கசிவு குறைகிறது. இதையெல்லாம் அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி அழைத்துவந்தேன். அன்று வகுப்பில், யாரையும் குறிப்பிடாமல், "குதிக்கும்போது யாருக்காவது கசிவு இருந்தா சொல்லுங்க, அதுக்கும் பயிற்சி இருக்கு" என்றேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு லேஸ் கட்டுகிறவர் கையைத் தூக்கினார். ஆறில் நான்கு பேர். "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்று நான்கு பேரும் சொன்னார்கள்.

இப்போது முதல் ஐந்து நிமிடம் படுத்துக்கொண்டு, சிறுநீரை அடக்குவதுபோல் தசையை மேலே இழுத்து, ஐந்து எண்ணி, முழுவதும் தளர்த்துகிறோம். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுகிறோம். குதிப்பதற்குப் பதில் காலைப் பக்கவாட்டில் எடுத்து வைக்கிறோம். அடிப்பகுதியில் ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறது என்ற ஒருவரை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் எடையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கிறேன்.

அக்கா இன்னும் குதிப்பதில்லை. நானும் கட்டாயப்படுத்துவதில்லை. நேற்று டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து பாதிக்கு மேல் குடித்தார்.