வளைக்குள் மணல்

பினாங்குத் தீவின் பாறை கிரானைட். பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகியது. அதில் கடல் உயிர்களின் தடத்தைத் தேடிப் பயனில்லை. நான் முதன்முதலாகத் தடப்படிவம் பார்த்தது சரவாக்கில், மிரி விமான நிலையச் சாலையோர மணற்கல் சரிவில். நண்பனின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். 1910-இல் மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர் என்பதற்கு மேல் மிரியைப் பற்றி எதுவும் தெரியாது.

கல்லுக்குள் விரல் தடிமனில் குழாய்கள். வெளிச்சுவரில் மிளகை ஒட்டிவைத்தது மாதிரி உருண்டைகள். ஓபியோமார்ஃபா என்று பெயர். ஒரு கோடி ஆண்டுக்கும் முந்தைய வளை. இன்றும் சில இறால் வகைகள் இப்படித்தான் சேற்றை உருட்டி உருட்டிச் சுவரில் அப்புகின்றன. அலை புரட்டும் மணலில் சுவர் பூசாவிட்டால் வளை இடிந்துவிடும். நாங்கள் மண் பரிசோதனைக்குத் துளை போடும்போது இரும்புக் குழாய் இறக்குவதும் இதற்குத்தானே!

அலை அடிக்கும் கரையோர மணலில் உயிர்கள் நேராகக் கீழே இறங்கி ஒளிகின்றன. உணவு நீரோடு மிதந்து வரும். கொஞ்சம் தள்ளி, அமைதியான அடித்தளத்தில் உணவு சேற்றோடு படிவதால் படுக்கைவாட்டில் மேய்ந்துகொண்டே போகின்றன. ஜெர்மானியர் அடால்ஃப் சைலாக்கர் 1967-இல் இந்தத் தடங்களைக் கடலின் ஆழத்தோடு பொருத்திக் காட்டினார். ஆழம் மட்டும் போதாது, அலையின் வேகம், உப்பு, ஆக்சிஜன், அடிமண்ணின் இறுக்கம் எல்லாம் சேரும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். எனக்கு அந்தத் திருத்தம்தான் பிடித்தது. சிப்பியை அலை எங்கிருந்தும் கொண்டுவந்து போடலாம். வளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு மாலையானால் கர்னி டிரைவ் சுவர்தான். தண்ணீர் வற்றினால் சேற்றில் நண்டும் சேற்று மீனும் துள்ளும். கடலை மண்போட்டு நிரப்பிய பிறகு அங்கே போவதை விட்டுவிட்டார்.

போன வருஷம் வேறொரு கரையில், இதே மாதிரி நிரப்பிய இடத்தில் துளை போட்டோம். கொட்டிய மணல் முடிந்து சாம்பல் நிறக் களிமண் தொடங்கும் இடத்தில், களிமண்ணுக்குள் மூன்று குழாய்கள். உள்ளே முழுக்க, மேலே கொட்டிய அதே கரடுமுரடான மணல். அறிக்கைத் தாளில் நிறம், இறுக்கம், சிப்பித் துண்டு இதற்கெல்லாம் கட்டம் உண்டு, வளைக்குக் கிடையாது. ஓரத்தில் எழுதினேன். மேலதிகாரி அடித்துவிட்டார். “கிளையன்ட் நண்டுக்கா காசு கொடுக்கிறான்?”

படத்தை அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“திறந்து இருக்கும்போதே மண்ணைக் கொட்டிருக்கானுங்க.”

“ஆமாப்பா. அதான் மணல் உள்ள எறங்கியிருக்கு.”

“உள்ள இருந்தது வெளிய ஓடியிருக்குமா?”

குழாயை நான்தான் கத்தியால் பிளந்தேன். மணல் மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அப்பா போனைத் திருப்பித் தரவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.