முள்

போன மாதம் என் டிராக்டருக்கு ஒரு மீட்டர் மாட்டினேன். ஒரு மணி நேர வேலை. எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

டிராக்டர் என்றதும் வயலில் உழுவதை நினைக்க வேண்டாம். ஒஹாயோவில் இரண்டு ஏக்கர் புல்லோடு ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டால் ‘கார்டன் டிராக்டர்’ என்ற ஒன்றும் தேவைப்படும். கோடையில் புல் வெட்ட, குளிர்காலத்தில் பனி தள்ள. என்னுடையது 1987-ஆம் வருடத்து ஜான் டியர் 318. இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன், ஓனான் இன்ஜின். என்னைவிட மூன்று வயது சின்னது.

ஆயில் பிரஷருக்கென்று அதில் இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டும். பிரஷர் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் அது எரியும். ஓஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் சீறும், விரலை எடுத்தால் சும்மா ஒழுகும் இல்லையா? இன்ஜினிலும் அதுதான். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி தேயத் தேய எண்ணெய் சுலபமாக வழிந்துபோகும், பிரஷர் இறங்கும். வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிற இந்த இறக்கம் விளக்குக்குத் தெரியாது. முள்ளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரும் ஆசைப்பட்டார். அவரிடம் இருப்பது அதைவிடப் பழைய வண்டி, ஒற்றை சிலிண்டர் கோலர் கே301. அதில் ஆயில் பம்ப்பே கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி இருக்கும், அது எண்ணெயை வாரி அடிக்கும், அவ்வளவுதான். பம்ப் இல்லாத இடத்தில் பிரஷரை எங்கே போய் அளப்பது? டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள் என்றேன். மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எனக்கு ஏன் இந்த முள் மேல் இவ்வளவு பிடிவாதம் என்று மனைவி கேட்டாள். சொல்லவில்லை.

1996-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. மீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு போல்ட் முறுக்கியிருக்கும். ராத்திரித் தண்ணீர் பாய்ச்சும்போது அப்பா மண்வெட்டியோடு வெங்காயப் பாத்தியில் நிற்பார். நான் மோட்டார் ரூமில் இன்ஜினுக்குக் காவல். “சத்தம் மாறுனா ஆஃப் பண்ணிட்டு என்னயக் கூப்புடு.” அதுதான் என் வேலை. சத்தம் மாறியது. நான் லாந்தர் வெளிச்சத்தில் காமிக்ஸ் படித்து, அப்படியே தூங்கிப்போயிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நின்றதைப் பார்த்து அப்பா ஓடிவந்தபோது இன்ஜின் இறுகி நின்றிருந்தது. தரையெல்லாம் எண்ணெய். டிரெயின் போல்ட் லூசாகி அத்தனையும் ஒழுகியிருந்தது.

அவர் அடிக்கவில்லை. “சரி, நீ வீட்டுக்குப் போ” என்றார். கிராங்கைத் திண்டுக்கல் லேத்துக்கு எடுத்துப்போய், கிரைண்டிங் பிடித்து, பேரிங் மாற்றி வருவதற்குள் பதினோரு நாள். வெங்காயம் காய்ந்துவிட்டது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

வேலைக்கு வருகிறேன். விளக்குக்கான சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பித்தளை ‘டீ’யைப் போட்டு, ஒரு வாயில் சுவிட்ச், இன்னொரு வாயில் மீட்டர் டியூப். முதல் சனிக்கிழமை டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றிவிட்டேன். சாவியைத் திருப்பினால் விளக்கு எரியவில்லை. அந்த சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான், நான் டேப்பால் அதை மூடியிருக்கிறேன். இரண்டாவது வாரம், மீட்டரோடு வந்த நைலான் டியூப் சைலன்சருக்குப் பக்கத்தில் உருகிவிடும் என்று தோன்றி, செம்பு டியூபுக்கு மாறினேன். செம்பு அதிர்வில் விரிசல் விடும்; அதனால் நடுவில் இரண்டு சுற்று, ஸ்பிரிங் மாதிரி. மூன்றாவது வாரம், அந்த ‘டீ’யே இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தேன். ஒருநாள் உடையும். உடைந்தால் மொத்த எண்ணெயும் வெளியே. காவலுக்கு வைத்ததே கொல்வதற்கா? ஒரு குட்டி ஓஸ் வாங்கி, ‘டீ’யை இன்ஜினில் தொங்கவிடாமல் ஃபிரேமில் பட்டை போட்டுப் பிடித்தேன்.

ஸ்டார்ட் செய்ததும் முள் 40-க்குத் தாவியது. அரைமணி நேரம் புல் வெட்டிச் சூடான பிறகு 25. ஐடிலில் 12. இந்த வயதுக்கு மோசமில்லை.

வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். இங்கே இரவு எட்டரை, அங்கே காலை ஆறு. உடனே கூப்பிட்டார்.

“மீட்டரு நல்லாருக்குடா. என்ன வெல?”

சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் போல, கொஞ்சநேரம் பேச்சில்லை.

“நம்ம இன்ஜின்லயும் இருந்துச்சு. கண்ணாடி ஒடஞ்சு எண்ணெ கசிஞ்சுது. புதுசு வாங்கலாம் வாங்கலாம்னு போல்ட்டப் போட்டு அடச்சேன். ரெண்டு வருசம் அப்படியே ஓட்டுனேன்.”

“நான் தூங்கிட்டேன்ப்பா அன்னைக்கு.”

“சின்னப் பையன் தூங்கத்தான செய்வான்.”

அப்புறம் அம்மா போனை வாங்கி, பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டாள். பேசியபடியே குனிந்து பார்த்தேன். ‘டீ’க்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் திரண்டிருந்தது. துணியால் துடைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடினேன்.