மரத்தடி நியாயஸ்தலம்

ஜோஹானஸ்பர்க் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கச் சுரங்கத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். 1886-ஆம் வருஷத்தில் தங்கம் அகப்பட்டதனால் உண்டான பட்டணம் அல்லவா? நம் ஏற்காட்டையும் விட உயர்ந்த பீடபூமியில், பெரிய நதியும் துறைமுகமும் இல்லாமல், மண்ணுக்கடியில் இருந்த பொன்னை மட்டும் நம்பி எழுந்த ஊர் அது. ஆனால் அந்தப் பொன்னைக் காட்டிலும் பார்க்கத் தகுந்த பொருள் ஒன்று அங்கே இருக்கிறது. அது ஒரு குன்றின் மேல் நிற்கும் நியாயஸ்தலம். தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் அங்கேதான் கூடுகிறது.

அந்தக் குன்றின் பூர்வ கதை இனிமையானதன்று. 1890-களின் தொடக்கத்தில் போயர் சர்க்கார் அங்கே ஒரு சிறைச்சாலையைக் கட்டிற்று. சில வருஷங்களுக்குள் அதைச் சுற்றி மண்மேடு எழுப்பிக் கோட்டையாகவும் ஆக்கிற்று. பின்னர் வந்த ஆங்கிலேயர் கோட்டைக்குள் வெள்ளைக் கைதிகளையும், 'நம்பர் நான்கு' என்ற தனிச் சிறையில் கறுப்பு மனிதர்களையும் அடைத்தார்கள். பெண்களுக்கென்று வேறொரு சிறை எழுந்தது. குற்றத்தில் பேதம் இல்லாவிட்டாலும் கம்பளியிலும் கஞ்சியிலும் பேதம் இருந்தது. 1983-ஆம் வருஷம் வரையில் இந்தச் சிறைகள் நடந்து வந்தன.

1908 ஜனவரியில் நம் காந்தியடிகள் 'நம்பர் நான்'கில் அடைபட்டார். தாம் எந்தக் கோர்ட்டில் வக்கீலாக நின்று வாதாடி வந்தாரோ, அதே கோர்ட்டில் குற்றவாளியாக நின்று இரண்டு மாதத் தண்டனை பெற்றார். இந்தியர்கள் விரல் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்குப் பணிய மறுத்ததே அவர் செய்த குற்றம். உண்மையை மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கக் கைதிகளோடு தம்மை ஒன்றாக அடைத்ததைப் பற்றி அவர் அந்நாளில் எழுதியவை, இன்று படிக்கும்போது மனத்தை வருத்துகின்றன. நிறத்தினால் மனிதரைப் பிரிக்கும் சட்டம், பெரியோருடைய மனத்தைக்கூட அந்நாளில் தொடாமல் விடவில்லை. 1956-இல் ராஜத்துரோகம் என்று குற்றஞ்சாட்டப்பட்ட தலைவர்களும், 1962-இல் நெல்சன் மண்டேலாவும் இதே குன்றில் விசாரணைக் கைதிகளாக இருந்தவர்கள்.

1994-இல் சுதந்திரம் வந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் மண்டேலா இந்நீதிமன்றத்தைத் திறந்து வைத்தார். அதற்கு நிலையான இடம் தேடியபோது, நீதிபதிகள் இந்தச் சிறைக் குன்றையே தேர்ந்தெடுத்தார்கள். "வேறு நல்ல இடமா கிடைக்கவில்லை?" என்று கேட்கத் தோன்றும். நீதி எந்த இடத்தில் அவமானப்பட்டதோ அந்த இடத்திலேயே அது எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. விசாரணைக் கைதிகளின் சிறைக் கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களைக் கொண்டே புதிய சபாமண்டபத்தின் சுவரை எழுப்பினார்கள். பழைய மாடிப்படிக் கூண்டுகள் நான்கை மட்டும் சாட்சியாக நிறுத்தி வைத்தார்கள். 2004 மார்ச்சு 21-ஆம் தேதி புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

நியாயஸ்தலம் என்றால் பெரிய கல் தூண்களும், கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்த ஐரோப்பிய மாதும் நம் நினைவுக்கு வருவது சகஜம். இங்கே அவை ஒன்றும் இல்லை. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெரியவர்கள் மரத்தடியில் கூடி வழக்குத் தீர்ப்பது வழக்கம். நம் ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்தைப் போலத்தான். அந்த மரத்தையே நீதிமன்றம் தன் சின்னமாகக் கொண்டது. முன்கூடத்துத் தூண்கள் மரங்களைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. கூரையின் இடுக்குகளிலிருந்து இலைகளுக்கிடையே விழுவது போல வெயில் விழுகிறது. நீதிபதிகள் பதினொருவர். அவர்களுடைய மேஜையின் முகப்பில் பதித்துள்ள மாட்டுத்தோல்களில் ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. வாயிற் கதவில் பிரஜைகளின் இருபத்தேழு உரிமைகளும் செதுக்கப்பட்டுள்ளன. முகப்பிலே நீதிமன்றத்தின் பெயர் பதினொரு பாஷைகளில் எழுதப்பட்டிருக்கிறது. மண்டபச் சுவரில் நீளமாக ஓடும் ஒரு கண்ணாடிச் சன்னல் வழியாக, வெளியே நடந்து போகிறவர்களின் கால்கள் தெரியும். தீர்ப்புச் சொல்கிறவர்கள் தெருவில் நடப்பவனை மறக்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல போதனை வேண்டுமா?

கட்டடம் ஆப்பிரிக்க மயமாக இருந்தால் மட்டும் போதாது. தீர்ப்பும் அப்படி இருக்க வேண்டும். 1995 ஜூனில் மரண தண்டனையை ரத்து செய்தபோது, நீதிபதிகள் பலர் 'உபுந்து' என்ற ஆப்பிரிக்கச் சொல்லை எடுத்துக் காட்டினார்கள். பிற மனிதராலேயே ஒருவன் மனிதன் ஆகிறான் என்பது அதன் தாத்பரியம்.

ஆயினும் பழைய வழக்கம் என்பதற்காகவே எதையும் அவர்கள் காப்பாற்றவில்லை. தகப்பன் சொத்து பெண் குழந்தைகளுக்கு இல்லை, ஆண் வழிக்கே உரியது என்ற விதியை 2004-இல் தள்ளிவிட்டார்கள். வலோயி என்ற இனத்தார், முன்பு பெண் என்பதற்காக ஒதுக்கப்பட்ட ஒரு தலைவரின் மகளையே தங்கள் தலைவியாக்கத் தீர்மானித்தார்கள். அது செல்லும் என்று 2008-இல் தீர்ப்பாயிற்று. வழக்கம் என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று, அதை உடைய மக்களோடு வளர்வது என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

நம்மவர் சம்பந்தமான வழக்கும் ஒன்று உண்டு. டர்பனில் தென்னிந்திய வம்சத்தைச் சேர்ந்த ஒரு மாணவி மூக்குத்தி அணிந்து பள்ளிக்கு வந்தாள். கழற்றச் சொன்னார்கள், தாயார் மறுத்தார். பாட்டி வழி வந்த சம்பிரதாயத்தை ஒரு பள்ளி விதி தடுக்கக் கூடுமா? கூடாது என்று 2007-இல் தலைமை நீதிபதி பையஸ் லங்கா தீர்ப்பெழுதினார். அதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள்! ஆனாலும் பின்னால் வரும் குழந்தைகளுக்காக வழக்கை முடித்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தினமும் விதிகளைச் சொல்லிக் கொடுக்கும் என் போன்றவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், ஜனங்களின் நம்பிக்கை ஒரேயடியாகக் கிடைத்துவிடவில்லை. 2021 ஜூனில், விசாரணைக் கமிஷன் முன் வர மறுத்த மாஜி ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவுக்கு இந்நீதிமன்றம் பதினைந்து மாதச் சிறை விதித்தது. அடுத்த மாதம் எழுந்த கலகத்திலும் கொள்ளையிலும் 350 பேருக்கு மேல் மாண்டார்கள். செப்டம்பரிலேயே அவரை வைத்தியக் காரணம் காட்டி வெளியே விட்டதும், "பெரியவர்களுக்கு ஒரு சட்டமா?" என்ற கேள்வி எழுந்தது. 2022 ஜனவரியில் ஒரு மனிதன் சுத்தியலை எடுத்து வந்து இதே நீதிமன்றத்தின் கண்ணாடிகளை உடைத்தான்.

கண்ணாடி உடையக் கூடிய பொருள்தான், நம்பிக்கையும் அப்படித்தான். அதற்கு அஞ்சிக் கருங்கல் மதிலை எழுப்பினால், அது மறுபடியும் பழைய கோட்டையாகிவிடும். முன்பு அந்தக் குன்றிலிருந்த சுவர்களுக்குள் நடந்தது வெளியே எவருக்கும் தெரியாது. இன்று எவரும் காசு கொடுக்காமல் உள்ளே போய் உட்கார்ந்து வழக்கு விசாரணையைக் கேட்கலாம். பணக்காரனுக்கும் ஏழைக்கும், மாஜி ஜனாதிபதிக்கும் பள்ளிச் சிறுமிக்கும் ஒரே நீதி கிடைக்கிறதா என்று தினந்தோறும் ஜனங்கள் நேரில் பார்த்தறிவதுதான் அந்த நியாயஸ்தலத்துக்கு உண்மையான காவல்.