சர்க்கரைப் போர்வை

"ஏண்டி, கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் ஊசி வந்துவிட்டதே, இந்த எய்ட்ஸுக்கு மட்டும் ஏன் நாற்பது வருஷமாக வரவில்லை?" என்று எங்கள் அத்தை ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்குச் சகல விஷயமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அத்தையின் சித்தாந்தம். பதில் தேடப் போன நான் ஒரு வாரம் அதிலேயே ஆழ்ந்துபோனேன்.

ஆரம்பத்தில் நம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லை. 1984 ஏப்ரலில் அமெரிக்க சுகாதார அமைச்சராயிருந்த மார்கரெட் ஹெக்லர், சுமார் இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அந்த இரண்டு ஆண்டு இன்னும் முடிந்தபாடில்லை!

காரணம் கிருமியின் மேல்சட்டையில் இருக்கிறது. கொரோனாக் கிருமியின் படத்தில் உடம்பெல்லாம் முள் முள்ளாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி.க்கும் புரதத்தாலான முட்கள் உண்டு. ஆனால் இது சிக்கனக்காரக் கிருமி. மொத்தமே சுமார் 14 முட்கள்தாம். அந்த முள்ளைக் கொண்டுதான் நம் ரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது.

முள்ளைப் பிடித்துவிட்டால் கிருமியைப் பிடித்த மாதிரிதானே? அங்கேதான் தந்திரம். முள்ளின் வெளிப்பகுதியின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை! காப்பியில் போடும் சர்க்கரை அல்ல. நம் அணுக்கள் தங்கள் புரதங்களின் மேல் இயல்பாகப் பூசிக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலிகள். கிருமி நம் அணுவுக்குள்ளேயே உற்பத்தியாவதால், அதே சர்க்கரை அதற்கும் போர்வையாகிவிடுகிறது. காவல்காரர்களும், 'நம் வீட்டு ஆள்தான்' என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். போர்வைக்கு வெளியே தெரியும் இடங்களையோ அது ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

போதாக்குறைக்கு, ஆராய்ச்சிக்காகப் பிரித்தெடுத்தால் அந்த முள் உருக்குலைந்து போய்விடும். அதை உருக்குலையாமல் பிடித்துவைக்கும் யுக்தி 2002-இல் வெளிவந்தது. அதன் முழு அமைப்பையும் நுட்பமாகப் பார்க்க முடிந்தது 2013-இல்தான். கொரோனா ஊசிகள் பலவற்றில் முள்ளைக் கலையாமல் நிறுத்திவைத்ததும் இதே வகை யுக்தியே. அத்தை ஒப்பிட்டாளே, அந்த ஒரு வருஷ ஊசிக்குப் பின்னால் இந்த நாற்பது வருஷ உழைப்பும் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போகையில் ஒரு பெயரில் வந்து நின்றேன்: 'இம்போகோடோ.' ஜூலு மொழியில் பாறை என்று பொருள். அரைக்கும் குழவிக் கல்லையும் குறிக்குமாம்! பெண்களின் உறுதியைச் சொல்லும் ஒரு பழமொழியிலிருந்து எடுத்த பெயர் இது. 2017-இல் தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, மலாவி, மொசாம்பிக் ஆகிய ஐந்து நாடுகளில் ஆரம்பித்த தடுப்பூசிச் சோதனைக்கு அதை வைத்தார்கள். ஆரோக்கியமாக இருந்த சுமார் 2,600 இளம் பெண்கள் தாங்களாகவே முன்வந்து கை நீட்டினார்கள். சிலருக்கு அசல் ஊசி, சிலருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது.

2021 ஆகஸ்டில் முடிவு வந்தது. வெற்று ஊசி போட்டுக்கொண்ட 1,109 பேரில் 63 பேருக்கும், அசல் ஊசி போட்டுக்கொண்ட 1,079 பேரில் 51 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. 63-இலிருந்து 51-ஐக் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பெண்களாவது தப்பினார்களே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்று கணக்கு சொல்லிவிட்டது. சோதனையை நிறுத்தினார்கள்.

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை. ஒரே பாய்ச்சலில் உடம்புக்குப் பாடம் கற்பிக்க முடியாது என்பது உறுதியாயிற்று. தொற்று ஏற்பட்டவர்களில் சிலருடைய உடம்பு, சில வருஷங்களில், சர்க்கரைப் போர்வையையும் ஊடுருவும் எதிர்ப்புப் பொருளைத் தானே தயாரித்துவிடுகிறது. அவர்களுக்கு அது காலங்கடந்த உதவி. மற்றவர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தால்? ஆகவே படிப்படியாகக் கற்பிக்கப் பார்க்கிறார்கள். சிறுமிக்குக் கோலம் சொல்லிக்கொடுக்கும்போது எடுத்தவுடனே தேர்க் கோலமா போடச் சொல்கிறோம்? நாலு புள்ளியில் ஆரம்பிக்கிறோம் அல்லவா? அதுபோல முள்ளின் ஒரு சிறு பாகத்தை மட்டும் வடிவமைத்து, அதை அடையாளம் காணக்கூடிய அபூர்வமான அணுக்களை முதலில் தட்டி எழுப்புகிறார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, அந்த ஊசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு அந்த அணுக்கள் விழித்துக்கொண்டன! இது நாலு புள்ளிக் கோலம்தான். தேருக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

இதற்கிடையில் லெனகாபவிர் என்ற மருந்து வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024-இல் தெரிந்தது. மிகவும் நல்ல செய்தி. ஆனால் அது மருந்து. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பே கற்றுக்கொண்டு நெடுநாள் நினைவில் வைத்திருக்கும் பாடத்துக்குத்தான் தடுப்பூசி என்று பெயர்.

சகோதரிகளே, தடுப்பூசிச் சோதனை தோற்றது என்ற செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால், சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஊசிக்குக் கை நீட்டியவர்கள் எத்தனை பேர் என்று அதிலே ஒரு கணம் தேடிப் பாருங்கள்.