முடுக்கில் வைத்த மூன்றாவது கண்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் எங்கள் தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் களவுபோயின. ஒன்று, சுபுஹுத் தொழுகைக்கு வந்தவர் பள்ளிவாசல் அருகே நிறுத்தியிருந்தது. மற்றொன்று, வீட்டு வாசலில் பூட்டி வைத்திருந்தது. அடுத்த ஜும்ஆவுக்குப் பின் தெருவாசிகள் கூடிப் பேசினோம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நான்கு கண்காணிப்புக் கேமராக்கள் வைப்பதென முடிவாயிற்று. சென்னைக் காவல்துறை சில ஆண்டுகளுக்கு முன் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருதோறும் கேமரா வைக்கும்படி மக்களை ஊக்குவித்தது பலருக்கும் நினைவிருக்கலாம். எங்கள் இளைஞர்களும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டனர். காட்சிகளைக் கைப்பேசியில் பார்க்கும் வசதி ஐந்து வீடுகளுக்குத் தரப்பட்டது. அந்த ஐந்தில் எங்கள் வீடும் ஒன்று.

நன்மை இல்லாமல் இல்லை. அதன்பின் வண்டி எதுவும் களவுபோகவில்லை. பெரியவர் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போன ஆட்டோவை அடையாளம் காணவும் அந்தப் பதிவே உதவியது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்களும் நிம்மதி கொண்டோம்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். பின்வீட்டு மாமி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக முடுக்கு வழியாக வருகிறவர் அன்று துப்பட்டி போர்த்தித் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். காரணம் கேட்டோம். “தம்பி, கள்ளனைப் பிடிக்க வைத்த பெட்டியில் எங்களையல்லவா பிடித்து வைத்திருக்கிறீர்கள்?” என்றார்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களைப் போன்ற கடற்கரையூர்களில் வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வருவதற்கென்றே குறுகிய முடுக்குகளை முன்னோர்கள் விட்டு வைத்தனர். ஆண்கள் அவ்வழியே நடப்பதில்லை. கறிக்கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். வாசற்படியில் உட்கார்ந்து பேசலாம். நான்காவது கேமரா அந்த முடுக்கின் முகப்பில்தான் இருந்தது. பெண்கள் நடமாடுவதை ஐந்து வீட்டு ஆண்கள் கையிலிருந்தபடியே காண முடிந்தது. அதை வைக்கும் முன் ஒரு பெண்ணிடமும் நாங்கள் கேட்கவில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது இளைஞர் ஒருவர், “தவறு செய்யாதவர்களுக்கு என்ன பயம், காக்கா?” என்றார். இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் எங்காவது கேட்டிருப்போம். நாமே சொல்லியும் இருப்போம். ஆனால் மறைவு என்பது குற்றவாளியின் தேவை மட்டுமா? அனுமதி பெற்று, ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையலாகாது என்று சூரா அந்நூர் 27ஆம் வசனம் தடுக்கிறது. அதே சூராவின் 58ஆம் வசனம், சொந்த வீட்டுச் சிறுவர்களும் பஜ்ருக்கு முன்பும், நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது. பெற்ற பிள்ளைக்கே வாசல் வைத்த மார்க்கம், தெருவாருக்கு ஜன்னல் திறந்துவிடுமா?

நாட்டின் சட்டமும் இதை அறியாததல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அது எல்லையற்ற உரிமை என்றும் அவர்கள் சொல்லவில்லை. அரசு அதில் கை வைப்பதானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் இருக்க வேண்டும். எங்கள் தெரு அரசல்ல என்றாலும் அந்த அளவுகோல் எங்களுக்கும் பொருந்தும். வண்டியைக் காக்க முடுக்கைப் பார்ப்பது நோக்கத்துக்கு மிஞ்சியது.

இந்தப் பேச்சு முடியும் முன்பே, அதைவிடக் கனமான ஒன்று நடந்துவிட்டது.

ஓர் இரவு, அறிமுகமில்லாத வாலிபர் ஒருவர் வாசல் வாசலாக நின்று எட்டிப் பார்ப்பது கேமராவில் பதிவாயிற்று. ஐவரில் ஒருவர் அதை வெட்டி, ‘திருடன், உஷார்’ என்று எழுதி மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எங்கள் வீட்டிலிருந்தும் அதை உறவினர் குழுவுக்கு அனுப்பினோம். நல்லெண்ணத்தில்தான் அனுப்பினோம். விசாரிக்கவில்லை. மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் சில பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஒரு அடி விழுந்துவிட்டது. தேநீர்க் கடைக்காரர் குறுக்கே புகுந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அவர் வடமாநிலத்துத் தொழிலாளி. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சுவர் பூசியவர்; கூலி பாக்கியைக் கேட்க வந்தவர். இருட்டில் வீட்டை அடையாளம் காணாமல் வாசல்களைப் பார்த்திருக்கிறார். அநீதிக்கு உள்ளானவரையே நாங்கள் திருடன் என்றோம்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த 65 வயதுப் பெண்மணியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்துக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே ஆண்டு ஜூலையில் மராட்டியத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இப்படியே கொல்லப்பட்டனர். அதன் பிறகுதான் இந்தியாவில், வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அந்தச் செய்திகளைப் படித்து வருந்தியவர்கள்தாம் நாங்களும்.

சூரா அல்ஹுஜுராத்தை அன்றிரவு திரும்ப ஓதினோம். பதினெட்டே வசனங்கள். ஹுஜுராத் என்றால் அறைகள். நபி (ஸல்) அவர்களின் அறைகளுக்கு வெளியே நின்று உரக்க அழைத்தவர்களைக் கண்டிக்கும் அந்தச் சூராவின் 6ஆம் வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. 12ஆம் வசனம் சந்தேகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. கேமரா, சந்தேகம், குழுவில் பகிர்தல் என நாங்கள் இறங்கிய படிகளும் அவையேதான்.

அந்தத் தொழிலாளியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். கூலி அன்றே கொடுக்கப்பட்டது. காணொளி போன குழுக்களில் உண்மையை எழுதினோம். முடுக்குக் கேமராவை இறக்கி, அங்கே ஒரு விளக்கும், உள்ளிருந்து தாழிடும் கதவும் வைத்தோம். பதிவைப் பார்க்க வேண்டுமானால் ஜமாஅத்தில் எழுதிக் கேட்க வேண்டும். இருவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். பதினைந்து நாளில் அழிக்க வேண்டும். வெட்டிப் பகிரவே கூடாது. தெருமுனையில் கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகையும் உண்டு. இதனால் பாதுகாப்புக் குறைகிறதே என்று சொல்வோர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. வண்டியைப் பறிகொடுத்தவர்கள் எங்களிலும் உண்டு.

ஆனால் ஒன்றை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே காணொளி, வேறோர் ஊரின் பெயரோடு, எங்கள் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. நாங்கள் அனுப்பியது அது. அந்த முகம் இன்னும் எந்தத் தெருவில் திருடனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதோ!

பிறர் மறைவைக் காக்கும் கண்களையும், விசாரித்தறியும் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. எங்கள் பிழையை மன்னிப்பானாக. ஆமீன்.