கண்ணகப்பட்டு மடத்தில் ஒரு சாயங்காலம்

திருப்போரூரில் மகனோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறந்து வளர்ந்த ஊர். என் பள்ளிச் சான்றிதழில் இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 2002இல் மெல்போர்னுக்கு விமானம் ஏறியபோது காஞ்சிபுரம் மாவட்டம், 2019இலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். என்னைவிட அதிகமாக விலாசம் மாறியிருக்கிறது ஊருக்கு.

கந்தசாமி கோயிலில் மட்டும் தடுமாறவில்லை. திருச்செந்தூரில் கடலிலும் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும் அசுரரோடு மோதிய முருகன் இங்கே விண்ணில் நின்று போரிட்டான் என்பார்கள். போரூர் என்ற பெயர் அதனால்தான். பனைமரத்தடியில் கிடைத்த சுயம்பு மேனி என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. அபிஷேகமெல்லாம் ஆமைப் பீடத்தில் அமைந்த யந்திரத்துக்குத்தான். அதைப் பிரதிஷ்டை செய்தவர் சிதம்பர சுவாமிகள். நான் தேடி வந்தது அவரை.

மதுரைக்காரர், 17ஆம் நூற்றாண்டு. விருத்தாசலம் குமாரதேவரின் சீடர். வடக்கே போய் யுத்தபுரியில், அதாவது திருப்போரூரில், மறைந்துகிடக்கும் முருகனை வெளியே கொண்டுவா என்று மீனாட்சி சொன்னதாக ஐதீகம். வந்தார், பனங்காட்டில் முருகனைக் கண்டார், கோயிலை எழுப்பினார், திருப்போரூர்ச் சந்நிதி முறை என்று 726 பாடல்கள் பாடினார். பிறகு ஒரு வைகாசி விசாகத்தன்று கண்ணகப்பட்டில் தன் மடத்துக்குள்ளேயே சமாதியில் இறங்கிவிட்டார். அதே நேரத்தில் கோயில் கருவறைக்குள் அவர் நுழைவதையும் ஜனங்கள் பார்த்தார்களாம். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும் என்று கேட்டுப் பாட்டியிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்க மாட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வித்தையைத்தானே சுமாராகச் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் போன நாள், விசாகம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மடத்து வாசலில் பந்தல்காரர் ஒருவர் சவுக்குக் கழியின் கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆறேழு பேர்தான். ஒரு பெரியவர் ஆர்மோனியம், மைக் எதுவுமில்லாமல் சந்நிதி முறையிலிருந்து பாடினார். சுருதி கொஞ்சம் இறங்கியபோதும் நிறுத்தவில்லை. ஒரு பாட்டியம்மா எழுந்துபோய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, எண்ணெய் ஒட்டிய விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு வூட்டுப் புள்ளைப்பா நீ?”

சொன்னேன். தாத்தா பெயரைக் கேட்டதும் தலையாட்டினார். எங்கே இருக்கிறேன், என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்கவில்லை. “சரி, உக்காரு” என்றார்.

பாட்டு நின்றது. கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரவர் இருந்த இருப்பில் இருந்தார்கள். மெல்போர்னில் ஒரு தியான வகுப்புக்கு ஆறு வாரம் போனவன் நான். கட்டணத்தை ரூபாயாக்கிச் சொன்னால் இந்தப் பாட்டியம்மா என்னை ஒரு மாதிரி பார்ப்பார். மெத்தை, மணியோசை, செல்போனில் நேரக்கணக்கு எல்லாம் உண்டு. இங்கே கல்தரை. முதல் பத்து நிமிஷம் கொசுவோடும் வலது முழங்காலோடும் சண்டை. அதன்பின் எவ்வளவு நேரம் போனது என்பது, பாட்டியம்மா முழங்கையால் இடித்து விபூதித் தட்டைக் காட்டியபோதுதான் தெரிந்தது. வெளியே இருட்டிவிட்டிருந்தது.

சீகாழிக் கண்ணுடைய வள்ளல் இயற்றிய ஒழிவிலொடுக்கம் என்ற ஞான நூலுக்கு உரை எழுதியவர் இந்தச் சிதம்பர சுவாமிகள்தான். அந்த உரையோடு 1851இல் அதை அச்சில் ஏற்றியவர் வள்ளலார் ராமலிங்க அடிகள். வள்ளலாரின் முதல் பதிப்புப் பணி அது. மனம் ஒழிந்து ஒடுங்குவது பற்றிய நூலுக்கு உரைகாரர் என் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்திருக்கிறார். நானோ கடல் தாண்டிப் போய்க் காசு கட்டியிருக்கிறேன். இதை வைத்து ‘எல்லாம் நம்மிடமே இருந்தது’ என்று மார்தட்டுவது வெளிநாட்டுத் தமிழருக்கு உள்ள ஒரு வியாதி. எனக்கு அந்த உரிமை இல்லை. நூலை வாங்கி இரண்டாம் பக்கத்தோடு மூடி வைத்தவன் நான். மெல்போர்ன் வகுப்பின் அந்த வெள்ளைக்கார ஆசிரியை பழக்கிவிடாமல் இருந்திருந்தால் அன்றைக்கும் பத்தாவது நிமிஷத்தில் எழுந்திருப்பேன்.

மறுநாள் மகனை மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கூட்டம், வெயில், தலைக்கு மேல் செல்போன்கள். “நேத்து போன இடத்துக்கே போகலாமே அப்பா” என்றான். அவன் மடத்தில் பாதி நேரம் பந்தல்காரரோடுதான் நின்றிருந்தான். அவர் அவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் திருப்போரூரைத் தாண்டித்தான் போக வேண்டும். இறங்கினால் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். மடம் நடக்கிற தூரம்தான். சாயங்காலமாகப் போங்கள்.