மருந்து என்ற சொல்

2025 அக்டோபர் 3, வெள்ளி

நாளை கோலாலம்பூரில் ஒரு நாள் பயிற்சி. சாக நினைப்பவரிடம் எப்படிப் பேசுவது, ஆபத்தை எப்படிக் கணிப்பது என்பது பற்றி. 2014 முதல் போன வருடக் கடைசி வரை ஜொகூரில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை. தலைநகரில் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் வகுப்புக்கெல்லாம் லீவு போட்டுவிட்டுத்தான் போவோம். இந்த ஜனவரியில் நாங்களும் சனி, ஞாயிறுக்கு மாறியது பெரிய நிம்மதி.

2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டம் 2020 ஜூலையில் நடப்புக்கு வந்ததிலிருந்து மருத்துவ உளவியலாளர்களான எங்களுக்குப் பதிவு, சான்றிதழ், தொடர் பயிற்சிக்கான சிபிடி புள்ளி எல்லாம் கட்டாயம். புள்ளிக்கு அலைவதாகச் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆலோசகர்களுக்கு 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. மருத்துவ உளவியலாளர் என்று மட்டும், எங்கள் சட்டம் வரும்வரை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அக்டோபர் 4, சனி, இரவு

ஜொகூர் பாருவின் லார்கின் நிலையத்துக்குத் திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன். இருவர் இருவராக உட்கார்ந்து பழகினோம். ஒருவர் நோயாளி, ஒருவர் கேட்பவர். சாகத் தோன்றுகிறதா என்று சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள் என்பதுதான் பாடத்தின் உயிர். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, யாராவது கேட்டார்களே என்று பாரம் இறங்கும். ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். மலாயிலும் வந்தது.

ஆயர் ஈத்தாம் தாண்டியபோது அதே கேள்வியைத் தமிழில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இத்தனை வருடம் என்னிடம் வந்த தமிழர்களிடம் என்னதான் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மா கூலாய்ப் பக்கம் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். "லயத்துல யாராச்சும் அந்த மாதிரி போயிட்டா என்னம்மா சொல்வீங்க?" என்று கேட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"மருந்து குடிச்சிட்டாங்கன்னு சொல்வோம். அதையும் மெதுவாத்தான் சொல்வோம். பொழச்சுக்கிட்டா போலீஸ் வருமே."

பிறகு வேறு எதுவும் பேசவில்லை. யாரையோ நினைத்துக்கொண்டார் போல.

அக்டோபர் 7, செவ்வாய்

இதை எழுதாமல் தூங்க முடியாது. யார், எந்த ஊர் என்று இங்கேகூடக் குறிக்க மாட்டேன். வயதானவர்; நான் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் முதல் சந்திப்பில், முன்பு சிகிச்சை எடுத்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, "இதுக்கு முன்னாடி மருந்து ஏதும் குடிச்சிருக்கீங்களா பாட்டி?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி, "ஒரே ஒரு தடவைம்மா. ரொம்ப காலமாச்சு" என்றார். "முன்பு ஒரு முறை சிகிச்சை" என்று எழுதிக்கொண்டேன்.

நேற்று இரவு, அம்மா சொன்னது மனசில் ஓட, அந்தக் கோப்பைத் திறந்ததும் உடம்பு சில்லிட்டது.

இன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியாமப் போச்சு. செத்துப்போயிடலாம்னு அப்ப தோணுச்சா பாட்டி? இப்பவும் தோணுதா?" சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார். மனம் இருண்டு வருவது எப்படித் தெரியும், அப்போது முதலில் யாரைக் கூப்பிடுவது, வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்துவது என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். மகள் நம்பர், என் நம்பர், மனநல உதவி எண் 15555. எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

உலக மனநல நாள். வேலை முடிந்து நாங்கள் நான்கு பேர் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடினோம். எல்லாரும் தமிழில் ஆலோசனை தருபவர்கள். தே தாரிக் ஆறிப்போகும் வரை சொல் சொல்லாகப் பார்த்தோம்.

'தற்கொலை'யை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று மூவாரிலிருந்து வந்தவர் பிடிவாதமாக இருந்தார். அந்தச் சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது என்றார். உண்மைதான். குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 2023-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் விட்டுவிட்டது, சொல் இன்னும் விடவில்லை. 'தவறான முடிவு' என்பதை நான் ஏற்கவில்லை. கேட்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. 'மனச்சோர்வு' அச்சுக்குச் சரி, வாயில் வராது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவத்தின் ஒன்பது கேள்விகளையும் ஒவ்வொன்றாக வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்தோம். சாகும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவதுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. கடைசியில் நிலைத்தது, நான் பாட்டியிடம் கேட்ட அதே வாக்கியம்.

இதை அரை நாள் வகுப்பாக வைக்கச் சொல்லி எங்கள் தொழில்முறைச் சங்கத்துக்கு எழுதப் போகிறோம். புள்ளி தந்தால் நல்லது, தராவிட்டாலும் நடத்துவோம்.

பாட்டி 14-ஆம் தேதி வருகிறார். முதல் சந்திப்பில் நிரப்பும் படிவத்தின் முதல் பக்கத்தில் 'மருந்து' என்பதை அடித்துவிட்டு, 'டாக்டர் கொடுத்த மாத்திரை' என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன்.